சின்கோனாப் பட்டையும் குயினைனும்: ஒரு மருந்தின் தோற்றமும் நீலகிரி மரத்தின் வீழ்ச்சியும்

ஆய்வுச்சுருக்கம்

தாவர மருந்து ஒன்று வேதிப்பொருளாக மாறிய வரலாற்றில் சின்கோனாப் பட்டைக்கு முதன்மையான இடம் உண்டு. தென்னமெரிக்காவின் ஆண்டிய மலைச்சரிவுகளிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற இப்பட்டையிலிருந்து 1820-இல் குயினைன் பிரித்தெடுக்கப்பட்டது. 1860களில் அம்மரம் நீலகிரியில் வேரூன்றியது. பட்டையின் நான்கு முதன்மை ஆல்கலாய்டுகளும் காய்ச்சலைத் தணிக்கும் என்பதை 1866 முதல் 1868 வரை இந்தியாவில் நடந்த மருத்துவச் சோதனைகள் காட்டின. எனினும் உலகச் சந்தை குயினைன் ஒன்றையே மருந்தாக ஏற்றது. இத்தேர்வு மருத்துவச் சான்றின் அடிப்படையில் மட்டும் அமைந்ததன்று என்பதையும், எளிய மக்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மலிவான மருந்து அதனால் பின்தள்ளப்பட்டது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

முதன்மைச் சொற்கள்: சின்கோனா, குயினைன், ஆல்கலாய்டு, மலேரியா, நீலகிரி, டோட்டாகுவினா, மருந்தியல் வரலாறு.

முன்னுரை

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. அபினியிலிருந்து மார்பினைப் பிரித்த செர்ட்டுர்னர், சின்கோனாவிலிருந்து குயினைனைப் பிரித்த பெலெத்தியே, காவாந்து ஆகியோரின் பெயர்கள் மருந்தியல் நூல்களின் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறுகின்றன. ஒரு பொருள் பிரித்தெடுக்கப்பட்ட நாளே அம்மருந்து பிறந்த நாள் எனக் கொள்வது இவ்வழக்கின் விளைவாகும். ஆனால் பிரித்தெடுத்த பொருள்களுள் எது மருந்தாக ஏற்கப்படும், எது கழிவாக ஒதுக்கப்படும், எந்த விலையில் யாருக்குக் கிடைக்கும் என்பவற்றை ஆய்வுக்கூடம் மட்டும் முடிவு செய்வதில்லை. தோட்டம், சந்தை, அரசு, மருந்து நெறிநூல் ஆகியனவும் அம்முடிவில் பங்கேற்கின்றன.

தமிழ்நாட்டு மக்கள் 'கொயினா' என்ற பெயரால் அறிந்த குயினைனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். உதகமண்டலம், தொட்டபெட்டா, நடுவட்டம் ஆகிய இடங்கள் அவ்வரலாற்றில் நேரடியாகத் தொடர்புடையவை. வால்பாறைக்கு அருகில் 'சின்கோனா' என்றே பெயர் பெற்ற ஊர் இன்றும் உள்ளது. இவ்வூர்கள் ஏன் குயினைன் உலகின் மையமாக நிலைபெறவில்லை என்ற வினாவுக்கு விடை தேடும்போது, ஒரு மருந்து எவ்வாறு வரையறுக்கப்படுகின்றது என்னும் பெரிய வினாவும் உடன் எழுகின்றது.

ஆண்டியப் பட்டையும் பெயர்க்கதையும்

சின்கோனா, காப்பிச் செடி இடம்பெறும் ரூபியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பேரினம். ஆண்டிய மலைத்தொடரின் ஈரம் மிகுந்த காடுகளே அதன் தாயகம். இன்றைய ஈக்வடாரின் தென்பகுதியிலுள்ள லோஹா வட்டாரத்துப் பட்டை காய்ச்சலைத் தீர்ப்பது குறித்து 1630களின் இறுதியில் அகஸ்தீனியத் துறவி கலாஞ்சா எழுதியுள்ளார். மலேரியா அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே பரவியது என்பது பெரும்பான்மை ஆய்வாளர்களின் கருத்து. அக்கருத்தை ஏற்பின், ஆண்டிய மக்கள் தாங்கள் முன்பே அறிந்திருந்த மரத்தைப் புதிய நோய்க்குப் பொருத்திப் பார்த்தனர் என்று கொள்ள வேண்டும். அதுவும் மருந்தாய்வின் ஒரு வடிவமே ஆகும். அதைச் செய்தவர்களின் பெயர்கள் மட்டும் பதிவாகவில்லை.

பதிவானது வேறொரு பெயர். பெரு நாட்டின் ஸ்பானிய ஆளுநரான சின்சோன் பிரபுவின் மனைவி இப்பட்டையால் காய்ச்சல் நீங்கப் பெற்று, அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார் என்னும் கதையை 1663-இல் செபஸ்தியானோ பாதோ வெளியிட்டார். அக்கதையை நம்பிய லின்னேயஸ் 1742-இல் அப்பேரினத்துக்குச் 'சின்கோனா' எனப் பெயரிட்டார். அப்போது பிரபுவின் பெயரிலிருந்த ஓர் எழுத்தும் விடுபட்டுப்போனது. 1941-இல் ஹாகிஸ் வெளியிட்ட ஆய்வு, ஆளுநரின் காலத்து ஆவணங்களைக் கொண்டு இக்கதைக்கு அடிப்படை இல்லை என நிறுவியது. மரத்தின் அறிவியற்பெயரோ கதையின் நினைவாகவே நிலைத்துவிட்டது.

பட்டையை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் இயேசு சபையினர். உரோமையில் கர்தினால் தெ லூகோ அதனை ஆதரித்தார். 1649-இல் அங்கு வெளியான அறிவுறுத்தல் தாள், பட்டைத்தூளை எவ்வளவு, எப்போது, எவ்வாறு கொடுக்க வேண்டும் என்று வகுத்துரைத்தது. அதனால் 'இயேசு சபைப் பட்டை' எனப் பெயர்பெற்ற மருந்தை, சமயக் காழ்ப்பு மிகுந்திருந்த இங்கிலாந்தில் பலர் ஐயத்துடன் நோக்கினர். இராபர்ட் டால்போர் என்பவர் தம் இரகசிய மருந்தால் இரண்டாம் சார்லசு மன்னரைக் குணப்படுத்திப் புகழ்பெற்றார். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அம்மருந்தின் செய்முறையை விலைக்கு வாங்கினார். டால்போர் இறந்தபின் 1682-இல் அது வெளியிடப்பட்டபோது, மருந்தின் முதன்மைப் பொருள் அதே பட்டை என்பது தெரியவந்தது. அதற்கு முன்பே, 1677-இல், இலண்டன் மருந்து நெறிநூல் பட்டையை ஏற்றுக்கொண்டிருந்தது.

அளவு என்னும் சிக்கல்

பட்டை நெறிநூலில் ஏறியதால் அதன் சிக்கல் தீரவில்லை. சின்கோனாவில் இனங்கள் பல. ஒரே இனத்திலும் மரத்துக்கு மரம், மலைக்கு மலை, பட்டையின் ஆற்றல் வேறுபடும். கடல்கடந்து வரும் பொதிகளில் வேறு மரங்களின் பட்டைகளும் கலந்திருந்தன. நிறம், முறிவு, கசப்பு ஆகியவற்றைக் கொண்டே வணிகரும் மருத்துவரும் தரத்தை மதிப்பிட்டனர். ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் நீங்காதபோது, பட்டை பயனற்றதா, பட்டை போலியா, கொடுத்த அளவு போதவில்லையா, காய்ச்சலே வேறா என்று பிரித்தறிய வழி இல்லை.

லா கொந்தமின் 1737-இல் லோஹாவுக்குச் சென்று மரத்தைக் கண்டு எழுதிய விளக்கம், மறு ஆண்டில் பாரிசின் அறிவியல் கழகத்துக்கு அளிக்கப்பட்டது. அவர் தந்த தாவரவியல் விளக்கம் மரத்தை அடையாளம் காண உதவியது. பட்டையின் ஆற்றலை அளக்க உதவவில்லை. பெயரும் வடிவமும் அறியப்பட்ட பின்னரும் அளவு அறியப்படாமல் இருந்த இந்நிலையே 18-ஆம் நூற்றாண்டு மருந்தியலின் பொதுநிலை எனலாம்.

1820: பொருள் பிரிந்த காலம்

இந்நிலையை மாற்றியது தாவர வேதியியல். செர்ட்டுர்னரின் மார்பின் ஆய்வுகள் 1805 முதல் 1817 வரையிலான காலத்தில் வெளிவந்தன. தாவரத்தின் வீரியம் காரத்தன்மை கொண்ட ஒரு பொருளில் தங்கியிருக்கக்கூடும் என்னும் கருத்து அவற்றால் உறுதிப்பட்டது. போர்த்துக்கேய மருத்துவர் பெர்னார்தினோ அந்தோனியோ கோமெஸ் இதற்கிடையே சின்கோனாப் பட்டையிலிருந்து படிகப்பொருள் ஒன்றைப் பெற்றிருந்தார். பாரிசு நகர மருந்தாளுநர்களான பெலெத்தியேயும் காவாந்துவும் 1820-இல் பட்டையில் இரு ஆல்கலாய்டுகள் உள்ளன எனக் காட்டி, அவற்றுக்குக் குயினைன், சின்கோனின் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டிலேயே மஜாந்தி தம் மருந்து வாய்பாட்டு நூலில் இத்தகைய புதிய பொருள்களுக்கு இடமளித்தார். பின்னர் குயினிடின், சின்கோனிடின் ஆகிய இரண்டும் இனங்காணப்பட்டன.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, மருந்தின் அளவைத் துல்லியமாகக் கூற முடிந்தது. கைப்பிடி தூளை விழுங்க வேண்டிய நோயாளிக்குச் சில குன்றிமணி எடையுள்ள உப்பு போதுமானதாயிற்று. பட்டையின் தரத்தையும் எண்ணால் குறிக்க முடிந்தது. இரண்டாவது விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. பட்டை என்னும் முழுமை, 'குயினைன் இத்தனை விழுக்காடு' என்னும் ஒற்றை எண்ணாகச் சுருங்கியது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் தோன்றிய ஆலைகள் குயினைன் சல்பேட்டைப் பிரித்தெடுத்தன. எஞ்சிய மூன்று ஆல்கலாய்டுகளும் பெரும்பாலும் துணைப்பொருள்களாகக் கருதப்பட்டன. அவை நோயாளிகளிடம் முறையாக ஒப்பிட்டுச் சோதிக்கப்படுவதற்கு முன்னரே இத்தரவரிசை நிலைபெற்றுவிட்டது.

நீலகிரிக்கு வந்த மரம்

குயினைன் பேரரசுகளின் தேவையாகவும் மாறியது. 1854-இல் பெய்க்கி தலைமையில் நைஜர் ஆற்றில் சென்ற குழுவினர் குயினைனை முற்காப்பாக உட்கொண்டு, மலேரியாவால் எவரும் இறவாமல் திரும்பினர். வெப்பமண்டலத்தில் படைகளையும் அலுவலர்களையும் நிறுத்த விரும்பிய அரசுகளுக்கு இது பெரும் செய்தி. தென்னமெரிக்கக் காடுகளில் மரங்கள் வெட்டி அழிக்கப்படுகின்றன என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, டச்சு அரசு 1850களில் ஹாஸ்கார்ல் வழியாகச் சின்கோனாவை ஜாவாவுக்குக் கொண்டுவந்தது. பிரித்தானிய இந்திய அரசு 1859-இல் கிளமென்ட்ஸ் மார்க்கத்திடம் இப்பணியை ஒப்படைத்தது.

மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த செடிகள் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்புரூஸ், இராபர்ட் கிராஸ் ஆகியோர் ஈக்வடாரின் சிம்போராசோ மலைச்சரிவில் திரட்டிய செம்பட்டை மரமான சின்கோனா சக்கிருப்ராவின் விதைகளும் நாற்றுகளுமே உதகமண்டலத்தில் வேரூன்றின. அங்கு அரசுப் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் தொட்டபெட்டா, நடுவட்டம் முதலிய இடங்களில் தோட்டங்களை அமைத்தார். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவிடும் முறையை அவர் உருவாக்கினார். அவ்வாறு மீண்டும் வளர்ந்த பட்டையில் ஆல்கலாய்டு மிகுந்திருந்தது. நடுவட்டத் தோட்டப் பணியில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். சோலைக்காடுகளை அழித்து உருவான இத்தோட்டங்களுக்குக் கைதிகளின் கட்டாய உழைப்பும் அடித்தளமாயிற்று.

நீலகிரிப் பட்டைகளை இலண்டனில் ஜான் எலியட் ஹோவர்டு பகுப்பாய்வு செய்தார். 1866-இல் ஜான் பிரௌட்டன் அரசுக் குயினைன் வேதியியலாளராக உதகமண்டலத்தில் அமர்த்தப்பட்டார். பகுப்பாய்வின் முடிவு தெளிவானது: செம்பட்டை மரத்தில் மொத்த ஆல்கலாய்டு மிகுதி, ஆனால் அதில் குயினைனின் பங்கு குறைவு, சின்கோனிடினின் பங்கே பெரிது. மரத்தின் மதிப்பு, மற்ற ஆல்கலாய்டுகளுக்கு மருந்தாற்றல் உண்டா என்னும் வினாவைப் பொறுத்ததாயிற்று.

1866–1868: நான்கு ஆல்கலாய்டுகளின் சோதனை

இவ்வினாவுக்கு விடைகாணச் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் ஆகிய நான்கும் தனித்தனியே காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ 3,600 நோயாளிகள் இச்சோதனைகளில் இடம்பெற்றனர். காய்ச்சலின் முறை நின்றதா என்பதே வெற்றியின் அளவுகோல். நான்கு ஆல்கலாய்டுகளாலும் 98 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமடைந்தனர். குயினிடின் குயினைனுக்கு நிகரான இடத்தைப் பெற்றது. சின்கோனின் சற்றுப் பின்தங்கியது. ஆயினும் பயனற்றது என ஒதுக்கப்படவில்லை.

இச்சோதனையின் வரம்புகளையும் கருத வேண்டும். லவரான் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது 1880-இல். உரோனால்டு ராஸ் கொசுவின் உடலில் அதனைக் கண்டது 1897-இல். எனவே 1860களில் குருதியைச் சோதித்து நோயை உறுதிசெய்ய இயலவில்லை. மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. தானே தணியும் காய்ச்சல்களும் கணக்கில் சேர்ந்திருக்கும். இவ்வரம்புகள் நான்கு ஆல்கலாய்டுகளுக்கும் பொதுவானவை. ஆதலால் அவற்றின் முழு ஆற்றலை அறிய இச்சோதனை போதுமானதன்று. குயினைன் ஒன்றே மருந்து என்னும் நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தப் போதுமானது. பல ஆயிரம் நோயாளிகளிடம், ஒரே அளவுகோலைக் கொண்டு, பல மருந்துகளை ஒப்பிட்ட முயற்சி என்ற வகையில் மருத்துவச் சோதனைகளின் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு.

இம்முடிவின்படி செம்பட்டை மரத்தின் மொத்த ஆல்கலாய்டுகளைப் பிரிக்காமல் கலவையாகவே கொடுத்தால் போதும். தூய்மையாக்கும் செலவு குறையும், பட்டையின் எப்பகுதியும் வீணாகாது, மருந்து மலிவாகும். பிரௌட்டன் நீலகிரியிலேயே இத்தகைய தயாரிப்பை முயன்றார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. டார்ஜிலிங் மலைப்பகுதியின் மங்பூத் தோட்டத்தில் 1870களில் 'சின்கோனாக் காய்ச்சலடக்கி' என்ற பெயரில் கலவை மருந்து உருவாக்கப்பட்டு, இந்திய மருத்துவமனைகளில் பயன்பட்டது.

ஒரு பவுண்டு விதையும் ஜாவாவின் எழுச்சியும்

சந்தை வேறு திசையில் சென்றது. பொலிவியாவில் வணிகம் செய்த சார்லசு லெட்ஜருக்காக, அவருடைய பணியாளரும் மரங்களை நன்கறிந்த பழங்குடியினருமான மானுவேல் இன்கிரா மாமானி, சிறந்த மரங்களின் விதைகளைத் திரட்டித் தந்தார். 1865-இல் இலண்டனுக்கு வந்த விதைகளைப் பிரித்தானிய அரசு வாங்கவில்லை. டச்சு அரசு ஒரு பவுண்டு விதையைச் சிறுதொகைக்கு வாங்கியது. எஞ்சியவை தோட்டக்காரர் ஒருவர் வழியாக இந்தியாவுக்கு வந்தும் பெரும்பயன் தரவில்லை. ஜாவாவில் முளைத்த நாற்றுகள் வளர்ந்தபோது, அவற்றுள் சிறந்தவற்றின் பட்டையில் குயினைன் 13 விழுக்காடு வரை இருந்தது. அம்மரத்துக்குச் சின்கோனா லெட்ஜரியானா எனப் பெயரிடப்பட்டது. விதை கடத்தியதற்காகச் சிறைப்பட்டு அடிக்கப்பட்ட மாமானி அதன் விளைவாக இறந்தார். விதையைத் தேர்ந்த அவருடைய அறிவுக்கு மரத்தின் பெயரில் இடமில்லை.

குயினைன் விழுக்காடு என்னும் ஒற்றை எண்ணே அளவுகோல் ஆனபின் செம்பட்டை மரம் போட்டியிட இயலவில்லை. இலங்கையின் அனுபவமும் இதை ஒட்டியதே. 1861 முதல் ஹக்கலைத் தோட்டத்தில் வளர்க்கப்பட்ட சின்கோனா, காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்தபின் மலையகத் தோட்டங்களில் விரைந்து பரவியது. 1880களின் நடுவில் ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டு எடையை எட்டியது. அப்பெருக்கமே விலையை வீழ்த்தியது. தோட்டக்காரர்கள் சின்கோனாவைப் பிடுங்கித் தேயிலையை நட்டனர். காப்பி, சின்கோனா, தேயிலை என்று பயிர் மாறிய காலம் முழுதும் அங்கு உழைத்தவர்களுள் பெரும்பான்மையோர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். 1913-இல் ஜாவாவின் உற்பத்தியாளர்களும் ஐரோப்பிய ஆலைகளும் உடன்படிக்கை செய்து, ஆம்ஸ்டர்டாமில் கினா அலுவலகத்தை நிறுவி, விலையைக் கட்டுப்படுத்தினர். 1930களில் உலகின் சின்கோனாப் பட்டையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்து வந்தது.

மலிவு மருந்தின் மீள்வருகை

இந்தியாவில் அரசுத் தோட்டங்கள் முற்றிலும் மறையவில்லை. நடுவட்டத்தில் குயினைன் ஆலை இயங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆனைமலையிலும் தோட்டம் விரிந்தது. வங்காளத்தில் 1892 முதல் குயினைன் சிறுபொட்டலங்கள் அஞ்சலகங்களில் ஒரு பைசாவுக்கு விற்கப்பட்டன. மருத்துவமனை எட்டாத ஊர்களுக்கு மருந்தைச் சேர்த்த இம்முறை குறிப்பிடத்தக்கது. எனினும் நோயின் பரப்போடு ஒப்பிட இவ்வளவு மிகச்சிறிது.

1860களில் எழுந்த கருத்து அறுபது ஆண்டுகள் கழித்து மீண்டும் எழுந்தது. நாடுகளின் சங்கத்தினுடைய மலேரியாக் குழு, சின்கோனாவின் மொத்த ஆல்கலாய்டுகளைத் தரப்படுத்திய கலவையாக வழங்கலாம் என்று கூறி, அதற்கு 'டோட்டாகுவினா' எனப் பெயரிட்டது. படிகமாகும் ஆல்கலாய்டுகள் 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என வரையறுத்தது. 1932-ஆம் ஆண்டின் பிரித்தானிய மருந்து நெறிநூல் அதை ஏற்றது. கலவை மருந்தின் தரம் நிலையற்றது என்ற பழைய தடை இவ்வரையறையால் நீங்கியது. பிரித்தெடுக்காமலே அளக்க முடியும் என்பது நெறிநூலின் வழியே உறுதியாயிற்று.

1942-இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியபோது, ஒரே தீவை நம்பியிருந்த மருந்து வழங்கல் அறுந்தது. அமெரிக்காவிலும் டோட்டாகுவினா பயன்பாட்டுக்கு வந்தது. 1943-இல் வங்கப் பஞ்சத்தோடு மலேரியாவும் பரவியபோது குயினைன் தட்டுப்பாடு இருந்தது. பஞ்சகால உயிரிழப்பில் மலேரியாவின் பங்கு பெரிது. போருக்குப் பின் குளோரோகுவின் போன்ற செயற்கை மருந்துகள் வந்து சின்கோனாத் தோட்டங்களின் தேவையைக் குறைத்தன.

துணைப்பொருளாகக் கருதப்பட்ட குயினிடின், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்துடிப்புக் கோளாறுக்கான மருந்தாக இடம்பெற்றது. அமெரிக்காவில் கடும் மலேரியாவுக்கு 1991 முதல் 2019 வரை ஊசிவழி தரப்பட்ட மருந்தும் குயினிடினே. 1860களின் இந்தியச் சோதனையில் அது பெற்ற இடம் தற்செயலானதன்று என்பதை இது உணர்த்துகின்றது.

முடிவுரை

சின்கோனாவின் வரலாறு வழியே பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. 1820-இல் நிகழ்ந்த பிரித்தெடுப்பு மருந்தின் அளவைத் துல்லியமாக்கியது. அதே வேளையில் பட்டையின் மதிப்பைக் குயினைன் விழுக்காடாகச் சுருக்கியது.

2. மற்ற மூன்று ஆல்கலாய்டுகளும் முறையான சோதனைக்கு முன்னரே ஒதுக்கப்பட்டன. 1866–1868 காலச் சோதனைகள் அவ்வொதுக்கலுக்கு மருத்துவச் சான்று போதவில்லை என்பதைக் காட்டின.

3. நீலகிரியின் செம்பட்டை மரம் மருந்தாற்றல் இன்றித் தோற்கவில்லை. அதன் ஆற்றலை அளக்கச் சந்தை ஏற்ற அளவுகோல் அதற்கு உரியதாக இல்லாமையால் தோற்றது.

4. மலிவான கலவை மருந்தைத் தரப்படுத்த இயலும் என்பதை 1932-இல் நெறிநூல் ஒப்புக்கொண்டது. சான்று கிடைத்ததற்கும் அது ஏற்கப்பட்டதற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அக்காலத்தில் மருந்தின்றி வருந்தியோர் பெரும்பாலும் விலை கொடுக்க இயலாதவர்களே.

மருந்தியல் வரலாற்றை எழுதுவோர், வேதியியலாளர் எதைப் பிரித்தார் என்பதோடு, பிரித்தபின் எது, யாரால், எவ்வளவுகோலால் ஒதுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். நடுவட்டத்திலும் ஆனைமலையிலும் எஞ்சியுள்ள தோட்டச் சுவடுகளும் ஆலைப் பதிவுகளும் அவ்வாய்வுக்குரிய மூலங்களாகப் பேணப்படத் தக்கவை.